ரிக்‌ஷாக்காரருக்குக் கார் கொடுத்த படிப்பு

அமீர்பேட்டில் மைத்ரிவனம் கட்டடத்துக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது, பலகைகள்தான் தெரியும். ஜாவா, பைத்தான், எஸ்.ஏ.பி., ஐ.இ.எல்.டி.எஸ்., மெடிக்கல் கோடிங், பிணையில்லாக் கடன், விசா உதவி. ஹைதராபாத்தின் உண்மையான பல்கலைக்கழகம் இந்தத் தெருதான். துணைவேந்தர் கிடையாது, பட்டமளிப்பு விழா கிடையாது, கட்டணம் மட்டும் உண்டு. அந்தப் பலகைக் காட்டில் சில வருடங்களாக ஒரு பெயர் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது: எம்.எஸ். இன் ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ். தமிழில் சுகாதாரத் தகவலியல்.

பல் மருத்துவம் முடித்த பெண் கன்சல்டன்சிக்குள் போகிறாள். “ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ் எடுத்துக்கங்க மேடம்” என்கிறார் கவுன்சலர். ஃபார்ம்.டி. முடித்த பையன் போகிறான். “ஹெல்த் இன்ஃபர்மேடிக்ஸ், தம்பி.” பிசியோதெரபி, ஹோமியோபதி, நர்சிங், மைக்ரோபயாலஜி என்று யார் போனாலும் ஒரே மருந்துதான். லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கும் வைத்தியர்கூட நாடி பிடிப்பதாக ஒரு பாவனையாவது செய்வார். அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருவார்கள் என்று கேட்டால் கவுன்சலர் தயங்காமல் ஒரே சொல்லில் பதில் தருகிறார்: “ஸ்டெம்.” அமெரிக்கா வகுத்துவைத்திருக்கும் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் மருத்துவத் தகவலியல் இருக்கிறது. ஆகவே படித்து முடித்ததும் ஒரு வருடம் வேலை பார்க்க அனுமதி, அதன்மேல் 24 மாத நீட்டிப்பு. பல்லைப் பிடுங்குவது ஸ்டெம் இல்லை. பிடுங்கிய பல்லைக் கணினியில் ஏற்றுவது ஸ்டெம். பாடத்திட்டத்தின் சாரம் இவ்வளவுதான், மீதியை விமானத்தில் படித்துக்கொள்ளலாம்.

அடுத்தது எஸ்.ஓ.பி. என்னும் சுயவிளக்கக் கட்டுரை. இந்தத் துறையின் மேல் எனக்கு ஏன் தீராத காதல் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதித் தர வேண்டும். இதற்கென்றே ஒரு பாட்டி இருக்கிறாள். வாரங்கல் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவள். பழைய மருத்துவச் சீட்டு தொலைந்துபோனதால், இன்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டாக்டருக்குத் தெரியாமல், பேரனின் கண்ணெதிரே உயிரை விடுகிறாள். அந்தக் கணத்தில் பேரன் சபதம் எடுக்கிறான், மின்னணு மருத்துவப் பதிவேட்டைக் கற்றே தீருவேன் என்று. கடப்பை, கரீம்நகர், நல்கொண்டா என்று ஊர் மட்டும் மாறும், சாவு மாறாது. ஃபால் சீசனுக்கு ஒருமுறை, ஸ்பிரிங் சீசனுக்கு ஒருமுறை என்று அமீர்பேட்டின் ஏசி அறைகளில் பாட்டிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்கிறார்கள். உயிரோடு இருக்கும் பாட்டிகளோ ஊரில் வீட்டுப் பத்திரத்தை அடகுவைக்கக் கைநாட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஐந்து வருடம் பல் மருத்துவம் படித்தவளுக்கு இந்த ஊர் க்ளினிக்குகள் கொடுக்கும் சம்பளத்தைக் கேட்டால் உங்களுக்குப் பல் வலிக்கும். ஃபார்ம்.டி. என்ற ஆறு வருடப் படிப்பை 2008-ல் இந்தியாவில் கொண்டுவந்தார்கள். டாக்டரோடு வார்டுக்குப் போய், நோயாளியின் மருந்துகளைச் சரிபார்க்கும் நிபுணர் வேண்டும் என்றார்கள். நல்ல யோசனைதான். படிப்பைத் தொடங்கினார்கள், கல்லூரிகளைத் திறந்தார்கள், பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரிகளில் அந்த நிபுணருக்கு ஒரு நாற்காலி போட மட்டும் மறந்துபோனார்கள். ஆறு வருடம் படித்துவிட்டு மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்பதா, கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவதா? நீங்களாக இருந்தாலும் ஏறியிருப்பீர்கள்.

ஏறியவர்களுக்கு நடந்ததும் தெரிந்த கதைதான். 2011 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் மோசடி என்று சோதனை நடந்தது. ஏமாந்த மாணவர்களில் பெரும்பாலோர் தெலுங்குப் பிள்ளைகள், அவர்களில் சிலருடைய கணுக்காலில் ரேடியோ பட்டை மாட்டினார்கள். அதைக் கண்டும் புத்தி வரவில்லை என்று சொல்வீர்கள். 2019-ல் மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம். அதில் ஆசிரியரே இல்லை, வகுப்பே இல்லை, ஏனென்றால் அதை நடத்தியதே அமெரிக்கக் குடியேற்றத் துறை. பொறிவைத்துப் பிடித்த முதல் 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். 2025 செப்டம்பரில் ட்ரம்ப் புதிய எச்-1பி வேலை விசா மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்ற விளக்கமெல்லாம் பின்னால் வந்தது. அதற்குள் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லையோ. இந்த விசா வியாபாரத்தில் காசு கேட்காத ஒரே ஆள் சிலுக்கூர் பாலாஜிதான். அவர் கோயிலில் உண்டியல் கிடையாது. வேண்டிக்கொள்ள 11 சுற்று, வேண்டியது பலித்தால் 108 சுற்று, அவ்வளவுதான். கன்சல்டன்சிக்காரர்கள் அவரிடம் ஒரு செமஸ்டர் படிக்கலாம்.

விசா கிடைக்காதவர்களுக்கும் ஊர் ஒரு வழி வைத்திருக்கிறது: மெடிக்கல் கோடிங். அமெரிக்க நோயாளிக்கு நடந்ததை எண்ணும் எழுத்துமாக மாற்றி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பும் வேலை. 2015 அக்டோபர் முதல் அமெரிக்கா பயன்படுத்தும் ஐ.சி.டி.-10 அட்டவணையில், தீப்பிடித்த நீர்ச்சறுக்குப் பலகையால் உடம்பு வெந்தால் அதற்கொரு குறியீடு இருக்கிறது. மாடு கடித்தால் ஒன்று. விமான எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டவர் இரண்டாம் தடவை சிகிச்சைக்கு வந்தால் அதற்கும் ஒன்று (முதல் தடவையே எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை). நல்கொண்டாவிலிருந்து வந்த பி.ஃபார்ம் பெண் ஒருத்தி, நீர்ச்சறுக்குப் பலகையை ஆயுளில் பார்க்காதவள், இதையெல்லாம் ராத்திரி ஷிஃப்ட்டில் உட்கார்ந்து பதிகிறாள்.

அதே ஊரில், அஃப்சல்கஞ்ச்சில், மூசி நதிக்கரையில் உஸ்மானியா பொது மருத்துவமனை இருக்கிறது. வின்சென்ட் எஷ் வரைந்து, நிஜாம் காலத்தில் எழும்பிய அரண்மனை போன்ற கட்டடம். 2020 ஜூலை மழையில் வார்டுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, கட்டிலில் நோயாளி, கட்டிலுக்குக் கீழே வெள்ளம். கொரோனா பரவிக்கொண்டிருந்த மாதம் அது. அந்த மாதமே பழைய கட்டடத்தைப் பூட்டினார்கள். புதிய கட்டடத்துக்குக் கோஷாமஹாலில் அடிக்கல் நாட்டியது 2025 ஜனவரி கடைசியில். ஐ.சி.டி. அட்டவணையில் வெள்ளத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. ஆனால் பில்லை அனுப்ப விலாசம் இல்லாத நோயாளிக்கு யார் உட்கார்ந்து குறியீடு போடுவார்கள்?

இதுவரை சொன்னது பிழைப்பு. இனி சொல்லப்போவது பாவம்.

இந்தத் துறையின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று ரெக்கார்ட் லிங்கேஜ், வெவ்வேறு இடங்களில் கிடக்கும் பதிவுகளில் ஒரே ஆளுடையவை எவை என்று கண்டுபிடித்து இணைப்பது. 1946-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழ் ஒன்றில் ஹால்பர்ட் டன் என்பவர் இதைப் பற்றி எழுதினார். பிறப்பு, இறப்புக் கணக்குகளைக் கவனிக்கும் அரசு அலுவலகத்தின் தலைவர் அவர். பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒவ்வொருவருடைய வாழ்க்கையும் சிதறிய தாள்களாக அங்கங்கே கிடக்கிறது, அதைச் சேர்த்துத் தைத்துப் புத்தகமாக்கினால் மக்களுக்கும் அரசுக்கும் உதவும் என்பது அவர் எண்ணம். தைக்கிறவர் அடுத்த வீட்டுக்காரரின் தாளைச் சேர்த்துத் தைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அன்று முதல் இன்றுவரை இந்தத் துறையின் தலைவலி. ஆஸ்பத்திரியில் அப்படித் தைத்தால் ஒருவருடைய ரத்தப் பிரிவு இன்னொருவருக்கு எழுதப்படும். ஆகவே பெயரை மட்டும் நம்பாதே, பிறந்த தேதியைப் பார், விலாசத்தைப் பார், சந்தேகம் இருந்தால் மனிதரைக் கூப்பிட்டுக் கேள் என்று முதல் செமஸ்டரிலேயே சொல்லித் தருகிறார்கள். ரத்தம் ஏற்றும்போது நோயாளியிடம் பெயர் கேட்கிறார்களே, அந்தக் கேள்விதான் மொத்தப் பாடமும்.

தெலங்கானா அரசு இந்தப் பாடத்தைக் கற்றது. கேள்வி கேட்கும் பகுதியை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டுக் கற்றது.

மாநிலம் பிறந்த 2014-லேயே, ஆகஸ்ட் 19 அன்று, ஒரே நாளில் வீடுவீடாகக் குடும்பக் கணக்கெடுப்பு நடந்தது. கடைகள் அடைப்பு, பஸ் ஓட்டம் இல்லை. கணக்கில் விடுபட்டுவிடுவோமோ என்று மும்பையிலிருந்தும் சூரத்திலிருந்தும் கூலிக்காரர்கள் ஊருக்கு ஓடிவந்தார்கள். எண்ணினால் ஏதாவது கிடைக்கும் என்று நம்பும் ஏழை, எண்ணிக்கையே தனக்கு எதிராகத் திரும்பும் என்று எப்படி நினைப்பான்? பின்னர் வந்தது சமக்ர வேதிகா என்ற மென்பொருள். ஹைதராபாத்தின் போசிடெக்ஸ் கம்பெனி உருவாக்கியது. நிலப் பதிவு, வண்டிப் பதிவு, வரி, மின்கட்டணம் என்று பல துறைகளின் தகவல்களைத் தோண்டி, பெயரும் விலாசமும் எங்கெங்கு ஒத்துப்போகிறது என்று பார்த்து, இவர் ஏழை, இவர் ஏழை இல்லை என்று சொல்லும். மூன்று கோடிப் பேருக்கு மேல் அதன் கண்ணில் இருக்கிறார்கள்.

சைக்கிள் ரிக்‌ஷா மிதித்த ஒருவரை அது 2021-ல் கார் வைத்திருப்பவர் என்று அறிவித்தது. பெயர் பாதி ஒத்துப்போன வேறு யாருடைய காரோ இவர் பெயருக்கு வந்துவிட்டது. அப்போது அவருக்கு வாயில் புற்றுநோய் முற்றியிருந்தது, வெளியே கொரோனா. ரேஷன் அரிசி நின்றது. மனைவி அலுவலகம் அலுவலகமாக ஏறி, எங்களிடம் கார் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கார் இருப்பவருக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கும், காட்டலாம். கார் இல்லாதவர் எதைக் காட்டுவார்? இல்லாத காரை எந்தத் தெருவில் நிறுத்திவைத்து, பாருங்கள் ஐயா, இங்கே இல்லை என்று நிரூபிப்பார்? அதிகாரிகள் அந்த அம்மாளை நம்பவில்லை, மென்பொருளை நம்பினார்கள். கணவர் இறந்துபோனார். ரேஷன் அரிசிக்கான வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இவ்வளவையும் 2024 ஜனவரியில் அல் ஜசீரா வெளியிட்ட புலனாய்வில் படித்தோம். அரசாங்கம் சொல்லி யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் புலனாய்வு சொன்ன எண்கள் இவை. 2014-க்கும் 2019-க்கும் இடையில் தெலங்கானாவில் 18 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணவுப் பாதுகாப்பு அட்டைகள் ரத்தாயின, புதிதாகக் கேட்ட 1,42,086 பேரின் விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. முன்னறிவிப்பு எதுவும் தரவில்லை. எல்லாவற்றையும் இயந்திரம் மட்டுமே செய்தது என்று நான் சொல்லமாட்டேன், மனிதர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், போய் நேரில் பார்த்துவிட்டு வாருங்கள் என்றது. வந்த விண்ணப்பங்களில் பாதிகூடப் பார்த்து முடிக்காத நிலையிலேயே, தகுதி இருந்தும் தள்ளப்பட்ட குடும்பங்கள் 15,000-க்கு மேல் இருப்பது தெரிந்தது. வகுப்பில் இதற்குப் பெயர் பிழை விகிதம். பரீட்சையில் அந்த விகிதத்தைக் கணக்கிட்டுக் காட்டினால் பத்து மார்க் தருவார்கள்.

“அரிசி விஷயம்தானே, இதற்கும் சுகாதாரத்துக்கும் என்ன?” என்று கேட்பவர் ஹைதராபாத்துக்குப் புதியவர். 2007-ல் அன்றைய ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி தொடங்கிய ஆரோக்யஸ்ரீ திட்டத்தில், இதய ஆபரேஷனோ புற்றுநோய்ச் சிகிச்சையோ காசில்லாமல் பார்க்க ஏழை காட்ட வேண்டியிருந்தது எதை? அந்த ரேஷன் அட்டையைத்தான். அரிசி அட்டைதான் ஆஸ்பத்திரி அட்டை. பல வருடங்களாக இந்த ஊரில் அதுதான் நடைமுறை. கரண்ட் பில்லோடு பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒருவரது அட்டையை வெட்டும்போது, அவருடைய அடுத்த ஆஞ்சியோபிளாஸ்டியையும் சேர்த்து வெட்டுகிறோம் என்று அந்த நிரலுக்குத் தெரியாது. எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏவியவருக்குக் கட்டாயம் தெரியும்.

நிரலைக் காட்டுங்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, அதன் உரிமை கம்பெனியிடம் இருக்கிறது என்று சொல்லி மறுத்தார்கள். ஏழையின் நிலம், வண்டி, மின்சாரம், ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் அவனைக் கேட்காமல் தோண்டலாம். அவன் தட்டில் சோற்றை எடுத்த வாய்ப்பாட்டை அவன் பார்க்கக் கூடாது. ஏனென்றால் அது தனியார் சொத்து. அறிவுசார் சொத்து என்பார்கள். இதில் அறிவு எது, சொத்து யாருடையது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது, படிக்கப் போகும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லும் ஒரு கணிப்பு நிரலை ஆராய்ந்து, ஜியாட் ஓபர்மேயரும் சகாக்களும் 2019-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். அந்த நிரல் நோயின் கடுமையை அளக்க, சிகிச்சைக்கு ஆன செலவை அளவுகோலாக வைத்திருந்தது. கறுப்பினத்தவர் அதே நோய்க்கு வைத்தியம் பெறுவதே குறைவு, ஆகவே செலவும் குறைவு, ஆகவே அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று நிரல் முடிவு கட்டியது. கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பின நோயாளிகளின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆகும் என்று கணக்குக் காட்டினார்கள். அங்கே குறைந்தபட்சம் வெளியிலிருந்து ஒருவர் உள்ளே புகுந்து அளக்க முடிந்தது, பத்திரிகையில் போட முடிந்தது. நம் ஊரில் அளவுகோலே ராணுவ ரகசியம். காசில்லாததால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவரின் ஃபைல் காலியாக இருக்கும். அதைப் பார்த்து, இவருக்கு ஒரு நோயும் இல்லை என்று எழுதும் ஒரு மென்பொருள் நாளை இங்கே வந்தால் யார் தடுப்பார்கள்?

ஆரோக்யஸ்ரீ பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தை முழுக்கக் கணினியில் நடத்திக் காட்டியவர்களில் இவர்கள் முன்னோடிகள், அதை மறுக்க மாட்டேன். “ப்ரீ-ஆத் வந்துடுச்சா?” என்பது இந்த ஊர் ஆஸ்பத்திரி வாசலில் தினமும் காதில் விழும் கேள்வி. எக்ஸ்ரே, ஸ்கேன், நோயாளியின் ஃபோட்டோ எல்லாம் இணையத்தில் ஏறி, அனுமதி இறங்கிய பிறகுதான் கத்தி எடுப்பார்கள். 2023 டிசம்பரில் காப்பீட்டு வரம்பைப் பத்து லட்சமாக உயர்த்தினார்கள். 2025 செப்டம்பரில் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்கி என்று தனியார் ஆஸ்பத்திரிகள் சிகிச்சையையே நிறுத்தின. தகவல் மேலே போக ஒரு நொடி, பணம் கீழே வர ஒரு வேலைநிறுத்தம். இந்த வேக வித்தியாசத்தைப் பற்றி யாராவது முனைவர் பட்டம் வாங்கலாம்.

சேர்த்துவைத்த தகவலை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். ஆரோக்யஸ்ரீயின் முதல் காப்பீட்டு நிறுவனம் நம் சென்னையின் ஸ்டார் ஹெல்த். 2024 செப்டம்பரில் அதன் வாடிக்கையாளர்களின் தகவல்கள் டெலிகிராமில் கிடைத்தன. மூன்று கோடியே பத்து லட்சம் பேருடையது தன்னிடம் இருப்பதாகத் திருடியவர் சொன்னார். ஒரு பாட்டிடம் (நம் எஸ்.ஓ.பி. பாட்டி அல்ல, டெலிகிராம் பாட்) கேட்டால் யாருடைய மருத்துவ அறிக்கையையும் எடுத்துக் கொடுத்தது. தன் சொந்த டிஸ்சார்ஜ் சம்மரிக்கு ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டரில் மத்தியானம்வரை நின்றவர்கள் கவனிக்க: இந்த நாட்டில் நோயாளியின் ஃபைலை உடனே கொடுத்த ஒரே சேவை அந்தத் திருடனுடையது.

2022 நவம்பர் 23 அன்று ஹேக்கர்கள் டெல்லி எய்ம்ஸின் சர்வர்களைப் பூட்டிப்போட்டார்கள். நாட்டின் முதன்மை மருத்துவமனை இரண்டு வாரம் பேனாவும் பேப்பருமாகப் பிழைத்தது. 2023 ஜூனில் கோவின் தடுப்பூசித் தளத்தின் தகவல் டெலிகிராமில் வருகிறது என்றார்கள். ஆதாரமற்ற செய்தி என்றது சுகாதார அமைச்சகம், பிறகு டெல்லி போலீஸ் ஒருவரைக் கைது செய்தது. ஆதாரமற்ற குற்றத்துக்கு ஆள் கிடைத்த விந்தை! அமெரிக்காவில் 2024 பிப்ரவரியில் யுனைடெட்ஹெல்த் குழுமத்தின் சேஞ்ச் ஹெல்த்கேர் மீது நடந்த தாக்குதலில் சுமார் 19 கோடிப் பேரின் தகவல் போனது. ஹைதராபாத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும் ஆப்டம், அதே யுனைடெட்ஹெல்த் குழுமம்தான்.

இவ்வளவுக்கும் நடுவே எல்லோருக்கும் ஆபா என்னும் 14 இலக்கச் சுகாதார அடையாள எண். 2020 சுதந்திர தினத்தில் அறிவித்தார்கள். விருப்பம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2021-ல் தடுப்பூசி போடப் போனவர்களில் பலருக்குக் கேட்காமலேயே எண் பிறந்துவிட்டது. ஊசி ஒரு கையில், எண் மறு கையில். மருத்துவத் தகவலுக்கென்றே 2018-ல் ஒரு சட்ட வரைவு வந்தது, திஷா என்று பெயர். அது வரைவாகவே மறைந்துபோனது. 2023-ல் வந்த பொதுவான தகவல் பாதுகாப்புச் சட்டம், அரசு விரும்பினால் தன் அமைப்புகளுக்கே விலக்குக் கொடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. போகிற போக்கில் தகவல் உரிமைச் சட்டத்தின் பல் ஒன்றையும் பிடுங்கிவிட்டது. பல் டாக்டர்களுக்கு வேலை இல்லை என்று யார் சொன்னது?

முடியாத காரியம் இல்லை இது. அதே ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை, தன் டாக்டர்களையும் பொறியாளர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து ஐஸ்மார்ட் என்ற பதிவேட்டைத் தானே எழுதிக்கொண்டது. கிராமத்துக் கண் மையத்தில் காட்டியவரின் விவரம் நகரத்து டாக்டருக்குத் தெரியும். அங்கே கண்ணைப் பார்ப்பதற்காகத் தகவல் சேர்க்கிறார்கள், ஆளை வெட்டுவதற்காக அல்ல. 108 ஆம்புலன்ஸ் சேவையும் 2005-ல் இந்த ஊரில்தான் பிறந்தது, பெற்றவர் சத்யம் ராமலிங்க ராஜு. கம்பெனிக் கணக்கு பொய் என்று 2009 ஜனவரியில் அவரே எழுதிக் கொடுத்துவிட்டு ஜெயிலுக்குப் போனார். அவர் தொடங்கிய ஆம்புலன்ஸ் இன்றும் வந்து நிற்கிறது. பொய்க் கணக்கு எழுதியவரின் வண்டி சரியான வீட்டுக்கு வருகிறது, மெய்க் கணக்கு எடுத்த அரசின் மென்பொருள் ரிக்‌ஷாக்காரரைக் காரில் ஏற்றுகிறது.

சென்னையில் உட்கார்ந்து இதைப் படித்துச் சிரிப்பவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். மெடிக்கல் கோடிங்கில் நாம் ஹைதராபாத்துக்கு அண்ணன். நம் கிராம சுகாதாரச் செவிலியர் ஊசி போடுகிற நேரத்தைவிட ஆப்பில் பதிகிற நேரம் அதிகம் என்று புலம்பாத துணை சுகாதார நிலையம் உண்டா? பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண் இல்லாத கர்ப்பிணி பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்ததைக் கேட்டதில்லையா? ஆரோக்யஸ்ரீயைப் பார்த்துத்தான் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, அதையும் முதலில் நடத்தியது அதே ஸ்டார் ஹெல்த். நல்லதை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம், கெட்டதும் கூரியரில் வந்து சேரும்.

ஆகவே, சுகாதாரத் தகவலியலில் முதுநிலைப் பட்டம் தரப்போகும் கல்லூரி முதல்வர்களே, ஹைதராபாத்தானாலும் சென்னையானாலும் சரி, வகுப்பறைக்குப் புரொஜக்டர் வாங்குவதற்கு முன் அரசிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: சமக்ர வேதிகாவின் நிரல். முதல் செமஸ்டரில் பிள்ளைகள் அதைப் பிரித்துப் பார்க்கட்டும், எந்த வரியில் கார் வந்தது என்று கண்டுபிடிக்கட்டும். தெலங்கானாவில் ஆட்சி மாறிவிட்டது, முதல்வர் மாறிவிட்டார், புதிய ரேஷன் அட்டைகள் கொடுக்கிறார்கள். நல்லது. பழைய அட்டைகளை எந்தக் கணக்கில் வெட்டினார்கள் என்பதையும் சேர்த்துக் கொடுக்கட்டும். அட்டையை ரத்து செய்யும் முன் வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பிக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி உத்தரவு போடட்டும். அதற்கு மென்பொருள் வேண்டாம், ஒரு சைக்கிள் போதும்.